எல்லைப் பகுதிப் பிள்ளைகளின் உடற்பயிற்சி: எட்டு வயதிலிருந்து வேலைத் தேர்வு வரை பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி, மீனாட்சிபுரம் என்று பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கோரத்தில் தமிழ் பேசி வாழும் நம் குடும்பங்களில் ஓட்டமும் கபடியும் இயல்பாக வரும் பிள்ளைகளுக்குக் குறைவில்லை. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் பத்தாம் வகுப்போடு மைதானத்தை விட்டுவிடுகிறார்கள். திறமை தீர்ந்து போவதால் அன்று. எந்த வயதில் எவ்வளவு பயிற்சி, எந்த மாநிலத்துப் போட்டி, எந்தத் தாளை யாரிடம் வாங்கி எங்கே கொடுப்பது என்பதை வேளையோடு சொல்ல ஆளில்லாததால். என் மகளை ஓட்டப் பயிற்சிக்குச் சேர்த்த நாள் முதல் பிளஸ் ஒன் சேர்க்கை முடியும் வரை வில்லேஜ் ஆபீசுக்கும் அக்ஷயா சென்டருக்கும் (கேரள அரசின் இணையச் சேவை மையம்) பள்ளிக்குமாக அலைந்து தெரிந்துகொண்டவற்றை, இனி தொடங்கப் போகிறவர்களுக்காக வரிசைப்படுத்தி எழுதுகிறேன். தடகளத்தை வைத்தே பெரும்பாலும் சொல்லியிருந்தாலும், வேறு விளையாட்டில் இருப்பவர்களுக்கும் ஆவணங்களும் காலக்கெடுவும் ஏறத்தாழ இதே போலத்தான்.

1. எதற்காகப் பயிற்சி என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

பதக்கம் ஒன்றையே குறியாக வைத்தால் நூற்றில் தொண்ணூறு பிள்ளைகளுக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும். ஆனால் இளமையில் எடுக்கும் பயிற்சி பதக்கம் இல்லாமலும் வாழ்நாள் முழுவதற்கும் உதவும். மனித எலும்பு தன் உச்ச அடர்த்தியில் ஏறத்தாழ 90 விழுக்காட்டைப் பெண் பிள்ளைகளிடம் 18 வயதுக்குள்ளும் ஆண் பிள்ளைகளிடம் 20 வயதுக்குள்ளும் எட்டிவிடுகிறது. அதற்குப் பிறகு இருப்பதைக் காப்பாற்றத்தான் முடியும். 5 முதல் 17 வயது வரையுள்ளவர்கள் சராசரியாக நாளொன்றுக்கு 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு உடலை இயக்க வேண்டும் என்றும், எலும்பையும் தசையையும் வலுவாக்கும் பயிற்சி வாரத்தில் 3 நாளாவது அதில் இருக்க வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

உடல்நலத்துக்கு அப்பால் மூன்று பயன்கள் உண்டு: விளையாட்டு விடுதியிலோ விளையாட்டு ஒதுக்கீட்டிலோ படிப்புக்கு இடம், அரசு வேலையில் விளையாட்டு ஒதுக்கீடு, காவல் துறை முதலிய சீருடைப் பணிகளின் உடற்தகுதித் தேர்வு. முதல் இரண்டுக்கும் போட்டிச் சான்றிதழ் வேண்டும். மூன்றாவதற்கு அது வேண்டியதில்லை, உடல் தயாராக இருந்தால் போதும்; ஆகவே சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைக்கு அதுவே நிச்சயமான வழி என்பது என் கருத்து.

2. வயதுக்கு ஏற்ற அளவை மீறாதீர்கள்

நம் பக்கத்தில் நடக்கும் பெரிய தவறு, எட்டு வயதுப் பிள்ளையைப் பதினாறு வயதுப் பிள்ளையின் அட்டவணையில் ஓடவிடுவது.

8 முதல் 11 வயது வரை: ஒரே விளையாட்டில் கட்டிப் போட வேண்டாம். ஓடுவது, தாண்டுவது, எறிவது, கயிறு தாண்டுவது, நீந்துவது, மரம் ஏறுவது என எல்லாமே இந்த வயதில் பயிற்சிதான். வாரத்தில் மூன்று நாள் மைதானத்துக்குப் போனால் போதும். இந்த வயதில் மாவட்ட அளவில் ஜெயிப்பது பெரும்பாலும் மற்றவரைவிட முன்னதாக வளர்ந்துவிட்ட பிள்ளைதான். அதைத் திறமை என்று எண்ணிக் கூடுதல் சுமை ஏற்றினால் பதினான்கு வயதில் மற்றவர்கள் எட்டிப் பிடிக்கும்போது பிள்ளை மனம் உடைந்து போகும்.

12 முதல் 14 வயது வரை: மிகக் கவனமாக இருக்க வேண்டிய காலம் இது. பெண் பிள்ளைகள் ஏறத்தாழ 12 வயதிலும் ஆண் பிள்ளைகள் ஏறத்தாழ 14 வயதிலும் மிக விரைவாக உயர்வார்கள். உச்ச வேகத்தில் ஆண்டுக்கு 8 முதல் 10 செ.மீ. வரை கூடும். அப்போது எலும்பு முந்திக்கொள்ளும், தசைநார் இழுபடும். முழங்கால் சிப்பிக்குக் கீழே உள்ள மேட்டை விரலால் அழுத்தும்போது பிள்ளை காலை இழுத்துக்கொண்டால், அது சோம்பேறித்தனமோ நடிப்போ அன்று. சில வாரங்கள் தாண்டல் பயிற்சியை நிறுத்தி, எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். எங்கள் வீட்டில் சமையலறைக் கதவு நிலையில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதிவைப்போம். இரண்டு கோடுகளுக்கு இடையே 2 செ.மீ.க்கு மேல் வந்தால் அந்தக் காலாண்டில் தாண்டலையும் மலை ஏற்ற ஓட்டத்தையும் பாதியாகக் குறைத்துவிடுவோம். எக்ஸ்ரேயும் வேண்டாம், செலவும் இல்லை.

15 முதல் 17 வயது வரை: இப்போதுதான் ஒரு பிரிவைத் தேர்ந்தெடுத்து வாரம் ஐந்து நாள் முறையாகப் பயிற்சி எடுக்கலாம். எடை தூக்குவதை முறையாகக் கற்றுக்கொடுக்க ஆளிருந்தால் தொடங்கலாம். எடை தூக்கினால் வளர்த்தி நின்றுவிடும் என்ற பேச்சில் பொருளில்லை. ஆளில்லாமல் தானாகத் தூக்குவதுதான் ஆபத்து.

எந்த வயதிலும் பொருந்தும் ஓர் அளவுகோல் உண்டு: ஒழுங்குபடுத்தப்பட்ட பயிற்சி வாரத்துக்குப் பிள்ளையின் வயதைவிட அதிக மணி நேரம் இருக்கக் கூடாது, அதாவது பதினொரு வயதென்றால் அதிகபட்சம் பதினொரு மணி நேரம், வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு வேண்டும். தூக்கம் 12 வயது வரை 9 மணி நேரத்துக்கும், அதற்கு மேல் 8 மணி நேரத்துக்கும் குறையக் கூடாது. காலை ஐந்தரைக்கு எழுப்ப வேண்டுமென்றால் இரவு ஒன்பதரைக்குள், பன்னிரண்டு வயது வரையென்றால் எட்டரைக்குள், படுக்க வைக்க வேண்டும். ட்யூஷன் நேரத்தைத்தான் மாற்ற வேண்டியிருக்கும்.

3. மைதானம், நேரம், செலவு

மார்ச் முதல் மே வரை நம் பக்கத்து வெயில் 40 டிகிரியைத் தொடும் நாட்கள் உண்டு. அந்த மாதங்களில் காலை எட்டு மணிக்கு முன் முடியாத பயிற்சியைப் பயிற்சியாகவே எண்ண வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றையும் கணக்கில் எடுங்கள். காற்று முதுகில் அடிக்கும் நாளில் எடுத்த 100 மீட்டர் நேரத்தை எழுதிவைத்து மகிழ்ந்துவிட்டு, மூடிய அரங்கில் அது வராதபோது பிள்ளையைக் கடிந்துகொள்ளும் பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். பஞ்சாயத்து மண் மைதானம் தொடக்கத்துக்குத் தாராளமாகப் போதும். செயற்கை ஓடுதளத்தின் பழக்கம் வேண்டுமென்றால் பாலக்காடு மருத்துவக் கல்லூரி மைதானத்திலும் கோவை நேரு விளையாட்டரங்கிலும் இருக்கிறது. போட்டிக் காலத்துக்கு முன்பு மாதம் ஓரிரு முறை கூட்டிச் சென்றால் போதும்.

செலவைப் பொறுத்தவரை நல்ல ஓட்டக் காலணிக்கு 1,500 முதல் 2,500 ரூபாய் வரை வைத்துக்கொள்ளுங்கள். வளரும் வயதில் ஆண்டுக்கு இரண்டு ஜோடி தேவைப்படலாம். ஸ்பைக்ஸ் (அடியில் ஆணி வைத்த ஓட்டக் காலணி) பதின்மூன்று வயதுக்கு முன் வேண்டவே வேண்டாம். புரதப் பொடி டப்பாவுக்கு ஆகும் பணத்தில் மூன்று மாதத்துக்கு முட்டை, நிலக்கடலை, கேழ்வரகு, பயறு, மோர் எல்லாம் வாங்கிவிடலாம். போட்டியில் ஊக்கமருந்துச் சோதனை வந்தால் "டப்பாவில் கலந்திருந்தது தெரியாது" என்ற பதில் செல்லாது, பதினெட்டு வயது ஆகாதவர்களுக்கும்கூட. பெண் பிள்ளை திடீரெனச் சோர்ந்து நேரம் மோசமானால், திட்டுவதற்கு முன் ஹீமோகுளோபின் பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்ப்பார்கள்.

4. பயிற்சியாளர்

பணம் வாங்கும் அகாடமிகளைவிட, பல ஆண்டுகளாக ஒரே பள்ளியில் நின்று மைதானத்தைப் பார்த்துக்கொள்ளும் பி.இ.டி. (உடற்கல்வி) ஆசிரியர் கிடைத்தால் அவரையே பிடித்துக்கொள்ளுங்கள். பறளி, முண்டூர், குமரம்புத்தூர் கல்லடி ஆகிய பள்ளிகள் கேரளப் பள்ளித் தடகளத்தில் கொடிகட்டிப் பறந்தது இப்படிப்பட்ட ஆசிரியர்களால்தான். விவசாயக் கூலிக் குடும்பத்தில் பிறந்த பி.யு. சித்ரா முண்டூர் பள்ளி மைதானத்தில் தொடங்கி, 2017-இலும் 2019-இலும் ஆசியத் தடகளப் போட்டியில் 1500 மீட்டர் தங்கம் வென்றார்.

பயிற்சியாளரைச் சோதிக்க எளிய வழி, அடிபட்ட பிள்ளைக்கு அவர் என்ன சொல்கிறார் என்று பார்ப்பதுதான். ஊசி போட்டுக்கொண்டு ஓடு என்பவரிடமிருந்து அன்றே பிள்ளையை அழைத்து வந்துவிடுங்கள். "வயதைக் குறைத்துக்கொள்ளலாம்" என்று சொல்பவரிடமிருந்தும் அப்படியே. இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயதைக் கணக்கிடும் சோதனை இன்று இளையோர் போட்டிகளில் வழக்கமாகிவிட்டது. பிடிபட்டால் போவது ஒரு பதக்கம் மட்டும் அன்று.

5. எந்த மாநிலம் என்பதை ஏழாம் வகுப்புக்குள் முடிவு செய்யுங்கள்

எல்லையில் இருப்பவர்களுக்கு மட்டுமே உரிய சிக்கல் இது. ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வீடு வேலந்தாவளத்தில், பள்ளி பொள்ளாச்சியில், ரேஷன் கார்டு கேரளத்தில், அம்மாவின் ஊர் உடுமலையில் என்றிருந்தால் பிள்ளை எந்த மாநிலத்துக்காக ஓடும்? பதில் போட்டிக்குப் போட்டி மாறும்.

பள்ளிப் போட்டிகளில் பள்ளி இருக்கும் இடமே கணக்கு. கேரளப் பள்ளி என்றால் பள்ளி, உபஜில்லா, ரெவின்யூ ஜில்லா, மாநிலம் என்ற வரிசை. தமிழ்நாட்டுப் பள்ளி என்றால் குறுவட்டம், மாவட்டம் என்று தொடங்கி மாநிலம் வரை. இரண்டும் மேலே போய்ச் சேருவது 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என்ற பிரிவுகளில் நடக்கும் தேசியப் பள்ளிப் போட்டியில். தடகளச் சங்கம் நடத்தும் போட்டிகள் வேறு தடம். அங்கே 14, 16, 18, 20 என்று வயதுப் பிரிவே மாறும், மாவட்டச் சங்கத்தில் செய்த பதிவுதான் பேசும், இந்தியத் தடகளக் கூட்டமைப்பின் தனி அடையாள எண்ணும் வாங்க வேண்டும். ஒரு சங்கத்திலிருந்து மற்ற மாநிலச் சங்கத்துக்கு மாற ஆட்சேபணையின்மைச் சான்று கேட்பார்கள். இரண்டு பக்கமும் பெயர் கொடுத்துவைத்து, எது கிடைக்கிறதோ அதில் போகலாம் என்பவர்கள் கடைசியில் இரண்டிலும் தடை வாங்குகிறார்கள்.

வேலை ஒதுக்கீட்டைப் பார்த்தால் தமிழ்நாட்டு அரசுப் பணிகளில் 3 விழுக்காடு விளையாட்டு வீரர்களுக்கு. அது தமிழ்நாட்டின் சார்பில் ஆடியவர்களுக்கானது. கேரளத்துக்கு அதன் சொந்த ஒதுக்கீடு உண்டு. சாதிச் சான்றிதழையும் மறக்காதீர்கள்: ஒரு மாநிலப் பட்டியலில் உள்ள சமூகம் மற்ற மாநிலத்தில் வேறு பிரிவில் இருக்கலாம், இல்லாமலே போகலாம்.

என் யோசனை இதுதான்: ரேஷன் கார்டும் நிலமும் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கமே பள்ளியும் இருக்கட்டும். சித்தூர் தாலுகாவில் தமிழ்வழிப் பள்ளிகள் இருக்கின்றன, சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த் துறையே இருக்கிறது. தமிழ் போய்விடுமே என்பதற்காகப் பொள்ளாச்சிக்கு மாற்ற வேண்டியதில்லை. மாற்றியே தீர வேண்டும் என்றால் டி.சி. வாங்குவதற்கு முன்பு இரு பள்ளிகளின் பி.இ.டி. ஆசிரியர்களிடமும் அந்த ஆண்டு போட்டியில் கலந்துகொள்ள முடியுமா என்று கேட்டுவிடுங்கள்.

6. பெயரையும் பிறந்த தேதியையும் ஒரே மாதிரி ஆக்குங்கள்

நான் அதிகம் அலைந்தது இதற்காகத்தான். தமிழ்நாட்டில் தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் போடுவோம். கேரளப் பள்ளிப் பதிவேட்டில் அது பின்னால் போகும். ஆதாரில் சில வேளை முதலெழுத்தே இருக்காது, சில வேளை தந்தை பெயர் முழுதாக விரிந்திருக்கும். ஆக "எஸ். கார்த்திகா", "கார்த்திகா எஸ்.", "கார்த்திகா செல்வராஜ்" என்று ஒரே பிள்ளைக்கு மூன்று பெயர். மலையாளத்தில் எழுதித் திரும்ப ஆங்கிலத்துக்கு வரும்போது எழுத்துக்கூட்டும் மாறிவிடும். மைதானத்தில் யாரும் இதைப் பார்க்க மாட்டார்கள். சான்றிதழ் சரிபார்ப்பு மேசையில்தான் பார்ப்பார்கள், அதுவும் கடைசித் தேதியன்று.

ஆகவே ஐந்தாம் வகுப்பிலேயே பிறப்புச் சான்றிதழை அடிப்படையாக வைத்து, ஆதாரை அதற்குச் சரியாகத் திருத்துங்கள். பிறகு பள்ளிப் பதிவேட்டை. இந்த வரிசையை மாற்றாதீர்கள். பள்ளிப் பதிவேட்டைத் திருத்தக் கேட்டால் முதலில் பிறப்புச் சான்றிதழையும் ஆதாரையும்தான் கேட்பார்கள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுப் பட்டியல் போய்விட்ட பிறகு திருத்துவது பெரும்பாடு. பிறப்பு தமிழ்நாட்டு மருத்துவமனையில் பதிவாகியிருந்தால் அங்கே ஒரு முறை நேரில் போய்ப் பெயர் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பலருடைய சான்றிதழில் பெயர்க் கட்டம் காலியாகவே இருக்கும்.

7. சான்றிதழ்க் கோப்பு

போட்டி முடிந்த அன்றே சான்றிதழைக் கையில் வாங்குங்கள். வாங்கியதும் ஐந்து இடங்களைப் பாருங்கள்: பெயர், பிறந்த தேதி, பிரிவு, பெற்ற இடம், போட்டி நடந்த தேதி. ஆறாவது முத்திரை. எங்களுக்கு வந்த ஒன்றில் ஊதா மை தடவிய வட்டம் மட்டும் இருந்தது, உள்ளே ஓர் எழுத்துகூடப் படிக்க முடியவில்லை. அடுத்த நாள் என்றால் கையெழுத்துப் போட்டவர் வேறு ஊரில் இருப்பார் என்பதால் வெயிலில் காத்திருந்து அங்கேயே மறுபடி குத்தி வாங்கினோம்.

கோப்பில் இருக்க வேண்டியவை: பிறப்புச் சான்றிதழ், ஆதார், போனஃபைடு சான்றிதழ், வில்லேஜ் ஆபீசிலிருந்து பிறப்பிடச் சான்று, சாதி மற்றும் வருமானச் சான்று, மருத்துவத் தகுதிச் சான்று, பாஸ்போர்ட் அளவுப் படம் பத்துப் பிரதி, எல்லாச் சான்றிதழ்களின் அசலும் மூன்று நகலும், கைப்பேசியில் ஒரு ஸ்கேன். வில்லேஜ் ஆபீஸ் சான்றுகளுக்கு அக்ஷயா சென்டரில் விண்ணப்பிக்கும் கட்டணம் சிறிய தொகைதான். ஆனால் ஜூன் மாதக் கூட்டத்தில் போகாமல் பிப்ரவரியிலேயே முடித்துவிடுங்கள். வருமானச் சான்றுக்கு மட்டும் செல்லும் காலம் உண்டு, அதைப் பார்த்து வாங்குங்கள். லேமினேட் செய்யாதீர்கள், பின்புறம் முத்திரை வைக்க வேண்டிய நாள் வரும்.

8. விளையாட்டு விடுதித் தேர்வு

கேரளத்தில் திருவனந்தபுரம் ஜி.வி. ராஜா விளையாட்டுப் பள்ளி, கண்ணூர் ஸ்போர்ட்ஸ் டிவிஷன், ஸ்போர்ட்ஸ் கவுன்சில் விடுதிகள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகளில் 7, 8, 9, 11 ஆகிய வகுப்புகளுக்குச் சேர்க்கை. விண்ணப்பம் இணையவழி, தேர்வு வழக்கமாகக் கோடை விடுமுறையை ஒட்டி. தங்குமிடமும் உணவும் பயிற்சியும் அரசுச் செலவு. தேர்வில் குறுந்தூர ஓட்டம், நின்ற இடத்திலிருந்து தாண்டுதல், பந்து எறிதல், ஷட்டில் ஓட்டம், 800 மீட்டர் போன்றவை வரும். முதல் நாள் இரவு பேருந்தில் உட்கார்ந்தே போய் மறுநாள் காலை ஓடவிடாதீர்கள். முந்தின மாலையே போய்ச் சேர்ந்து தூங்க வையுங்கள்.

கேரள அறிவிப்புகள் மலையாளத்தில்தான் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும். படிக்கத் தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் கொடுத்து வரிவரியாகக் கேளுங்கள். தேதியை மட்டும் பார்த்துவிட்டுப் போனவர்கள், வகுப்பு வரம்பு பொருந்தாமல் வாசலிலிருந்தே திரும்பியதுண்டு.

9. பத்தாம் வகுப்புக்குப் பின்

கேரளத்தில் பிளஸ் ஒன் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு இரண்டு கட்டம். முதலில் விளையாட்டுச் சாதனைகளை இணையத்தில் பதிந்து, மாவட்ட ஸ்போர்ட்ஸ் கவுன்சிலில் அசல் சான்றிதழ்களைக் காட்டி ஸ்கோர் கார்டு வாங்க வேண்டும். பிறகுதான் அந்த மதிப்பெண்ணோடு பள்ளிகளைத் தேர்ந்தெடுத்து விண்ணப்பிக்க வேண்டும். பொதுச் சேர்க்கைக்கு விண்ணப்பித்தால் இதுவும் அதில் அடங்கும் என்று எண்ணி முதல் கட்டத்தைத் தவறவிடுவோர் ஆண்டுதோறும் உண்டு. வழக்கமாக அண்மைய இரண்டு கல்வியாண்டுகளின் சாதனைகளே கணக்கு என்பதால், பத்தாம் வகுப்பில் படிப்பைக் காரணம் காட்டிப் போட்டியை முழுதாக நிறுத்துவது நல்லதன்று. எஸ்.எஸ்.எல்.சி. கிரேஸ் மார்க்குக்கான (விளையாட்டுக்குத் தரும் கூடுதல் மதிப்பெண்) விண்ணப்பம் பள்ளி வழியாகப் போகும். போனதா என்று நீங்களே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

10. வேலைக்கு

மத்திய அரசின் குரூப் சி பணிகளுக்கான விளையாட்டு ஒதுக்கீட்டில் படிவம் முக்கியம். நாட்டுக்காக ஆடியவருக்குப் படிவம் 1, தேசியப் போட்டியில் மாநிலத்துக்காக ஆடியவருக்குப் படிவம் 2, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்குப் படிவம் 3, தேசியப் பள்ளிப் போட்டிக்குப் படிவம் 4. ஒவ்வொன்றிலும் கையெழுத்திட வேண்டியவர் வேறு: 1-க்குத் தேசியக் கூட்டமைப்பின் செயலாளர், 2-க்கு அவரோ மாநிலச் சங்கச் செயலாளரோ, 3-க்குப் பல்கலைக்கழக விளையாட்டுப் பொறுப்பாளர், 4-க்கு மாநிலக் கல்வித் துறை இயக்குநரக அதிகாரி. மாவட்ட, மாநிலப் பதக்கம் எத்தனை இருந்தாலும் இங்கே போதாது. தேசியப் போட்டிக்குப் போய்வந்த ஆண்டிலேயே படிவத்தைக் கையெழுத்து வாங்கி வைத்துவிடுங்கள். பல ஆண்டு கழித்துப் போனால் பழைய பதிவேட்டைத் தேடுவதற்குள் விண்ணப்பத் தேதி முடிந்துவிடும்.

தேசியப் போட்டி வரை போகாத பிள்ளைக்கு உடற்தகுதித் தேர்வு இருக்கிறது. கேரளக் காவல் துறையில் ஆண் காவலருக்கு எட்டு இனங்களில் ஐந்தில் தேறினால் போதும்: 100 மீட்டர் 14 வினாடி, உயரம் தாண்டுதல் 132.20 செ.மீ., நீளம் தாண்டுதல் 457.20 செ.மீ., 7.264 கிலோ குண்டு எறிதல் 609.60 செ.மீ., கிரிக்கெட் பந்து எறிதல் 60.96 மீட்டர், கையால் மட்டும் கயிறு ஏறுதல் 365.80 செ.மீ., புல்-அப் 8 முறை, 1500 மீட்டர் 5 நிமிடம் 44 வினாடி. பெண்களுக்கு 100 மீட்டர் 17 வினாடி, 200 மீட்டர் 36 வினாடி, நீளம் தாண்டுதல் 3.05 மீட்டர், ஒரு நிமிடத்தில் 80 முறை கயிறு தாண்டுதல் என்று அதற்கேற்ற அளவுகள். அங்கும் எட்டில் ஐந்து. தமிழ்நாட்டுக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்திலும் பெண்கள் 400 மீட்டரை 2 நிமிடம் 30 வினாடியிலும் ஓடி முடித்தால்தான் அடுத்த கட்டம்.

இந்த அளவுகளைப் பார்த்தாலே தெரியும்: பல வகையாக ஓடி, தாண்டி, எறிந்து வளர்ந்த பிள்ளைக்கு எட்டில் ஐந்து எளிது. சிறு வயது முதல் ஒரே ஓட்டத்தில் கட்டிப் போடப்பட்ட பிள்ளை இருபது வயதில் கயிற்றைப் பிடித்துத் தொங்கும்போதுதான் தோளில் வலு இல்லாததை உணரும். அறிவிப்பு வந்த பிறகு இரண்டு மாதத்தில் அதை வளர்க்க முடியாது. பிளஸ் ஒன் படிக்கும்போதே ஆறு மாதத்துக்கு ஒரு முறை இந்த எட்டு இனங்களையும் வைத்துப் பார்த்து, தேறாதவற்றைக் குறித்து வைத்துக்கொண்டு அவற்றுக்கு மட்டும் வாரம் இரண்டு நாள் ஒதுக்குங்கள். தமிழும் மலையாளமும் தெரிந்தவர்களுக்கென்றே கேரள பி.எஸ்.சி. (அரசுப் பணியாளர் தேர்வாணையம்) தனியாக அழைக்கும் பணியிடங்களும் உண்டு. பிள்ளை பதினெட்டு வயதை எட்டியதும் பி.எஸ்.சி. இணையத்தில் ஒருமுறைப் பதிவைச் செய்துவிடுங்கள், அதற்கும் மேலே சொன்ன கோப்பிலிருந்த அதே பெயரைத்தான் தட்டச்சு செய்ய வேண்டும்.